என் ஜாடி, என் கோட்டு

ஹலோ... வேண்டாங்க. யாருக்கு ஓட்டுன்னு உங்ககிட்ட சொல்லணும்னு சட்டமா? வைக்கிறேன்... யாரு? ரோண்டாவா? ஏன்டி வேற நம்பர்ல இருந்து கூப்பிடற?... சரி சரி, ஆஃபீஸ் போன். எலெக்ஷன் முடியற வரைக்கும் தெரியாத நம்பர்னா நான் இப்படித்தான். எடுப்பேன், வச்சுடுவேன்.

சொல்லு... ஆமா, எலெக்ஷன் பலகை இருக்கு. ஆமா, ஆமா, என் வாசல்லதான். நானேதான் நட்டேன். மண்ணு இறுகிக் கிடக்கு, சுத்தியலால நாலு போடு போட்டு இறக்கினேன்... ஷ்ரேடர் பலகைன்னு தெரியும்டி. எழுத்துக் கூட்டிப் படிச்சுட்டுத்தான் நட்டேன். இந்த வயசுல படிக்கக் கத்துக்கிட்டது வீணாப் போகலை பாரு.

ஏன் நடக் கூடாது? அட்டர்னி ஜெனரலா, மாநிலத்துக்கே பெரிய வக்கீலா, நாலு வருஷம் உக்காந்தாச்சு உங்க லின்னியா பெர்க். இன்னும் நாலு வருஷம் வேணும்னு மறுபடி நிக்கறாங்க. ஷ்ரேடரும் அதே நாற்காலியத்தான் கேக்கறான். கேட்டவனுக்கு வாசல்ல எடம் குடுத்தேன், அவ்வளவுதான்... கத்தாத. போன் காதுலதான் இருக்கு.

ஆமா, 'உங்க' லின்னியாதான். உன் தோள்லதானே கை போட்டாங்க, என் தோள்லயா?... பாக்காம? ப்ளாண்ட் கேன்டீன்ல, சாப்பாட்டு நேரத்துல, டிவில அந்தம்மாவோட ஓட்டு விளம்பரம். பன்னி வெட்டற அத்தனை பேரு முன்னாடியும். 'வெர்லா, உன் தங்கச்சி பாரு, உன் தங்கச்சி பாரு'ங்கறாங்க. கீழ எழுத்து ஓடுது. நானே படிச்சேன். 'ரோண்டா மாட்சன், தண்ணீருக்காகப் போராடியவர்'. டிவில நான் சொந்தமாப் படிச்ச முதல் பேரு, உன் பேரு...

அழகா இருந்தியாவா? கேக்கறா பாரு... இருந்த. கோட்டு எடுப்பா இருந்துச்சு. ஏன்னா அது என் கோட்டு! போன பனிக்கு வாங்கிட்டுப் போனது... நீ தூக்கிக் காட்டற ஜாடியும் என்னுது. பீட்ரூட் ஊறப் போட்ட ஜாடி. நம்ம டிரெய்லர் பார்க்ல, இந்தத் தகர வண்டி வீடுங்கள்ல, குழாயத் தொறந்தா துரு நிறத்துல தண்ணி கொட்டினப்ப, அதுல புடிச்சு எடுத்துட்டுப் போயி, ஸ்கூல் ஜிம் கூட்டத்துல அந்தம்மா மேஜை மேல 'குடிங்க பாப்போம்'னு வச்சது யாரு? நீயா, நானா?... அன்னிக்கு நீ எங்க இருந்த?... அதான். முடி வெட்டிக்கப் போயிருந்த.

அது இருக்கட்டும். அந்தம்மா கேஸ் போட்டு, பார்க் முதலாளி குழாயெல்லாம் மாத்தி, இப்ப தண்ணி கண்ணாடியாட்டம் வருதே. விளம்பரத்துக்கு அழுக்குத் தண்ணி எங்க கிடைச்சுது?... என்னது?... காப்பியா? தண்ணி கலந்த காப்பியா!... சிரிக்கலை. நான் சிரிக்கலைடி. கோவமா இருக்கேன்.

இல்ல ரோண்டா... எனக்கு அது வலிக்கலை. அன்னிக்கு அந்தம்மா என் கையப் புடிச்சுக்கிட்டு, 'வெர்லா, உங்கள நான் மறக்க மாட்டேன்'னாங்க. நானும் நம்பினேன். ராத்திரி பகலா கத்தி புடிச்சு மரத்துப் போன கை, அதப் போயி ஒருத்தர் புடிச்சாங்களேன்னு... மறந்துட்டாங்க. ஐயோவா மாநிலம் பூரா உன் மூஞ்சிதான் ஓடுது.

என்ன?... யாரு கூப்பிட்டாங்க?... என்னையா? முதல்ல என்னையா?... எப்போ?... ஒரு பொண்ணு... ஆமா, ஒருத்தி கூப்பிட்டா. 'பெர்க் பிரசாரத்துல இருந்து பேசறேன்'னா. பெர்க் வந்து என் வீட்டுப் பாத்திரத்தைக் கழுவட்டும்னு சொல்லிட்டு வச்சுட்டேன்... ரெண்டாவது தடவையா? ஷிஃப்ட் முடிஞ்சு தூங்கிட்டிருந்திருப்பேன், திட்டியிருப்பேன்... அதுக்கப்புறம் யாரு?... அந்தம்மாவேவா?

ஐயையோ... 'ஹலோ வெர்லா, நான் லின்னியா பெர்க்'னு ஒரு குரல்... ரெக்கார்டிங்னு நெனச்சேன்டி! எல்லாக் கட்சிக்காரனும் அப்படித்தானே டேப்பப் போட்டு விடறான்... பேரு சொன்னா? இப்பல்லாம் டேப்பும்தான் பேரு சொல்லுது!... நான் என்ன சொன்னேனா? ஒண்ணும் சொல்லலை... சொன்னேன். உன்கிட்ட சொல்ல மாட்டேன்.

அப்புறம்தான் உன்கிட்ட வந்தாங்களா... ம்... ம்... 'ஜாடி எங்க அக்காவோடது, போனதும் எங்க அக்காதான்'னு சொன்னியா? அத வெட்டிட்டாங்களா?... நிஜமாச் சொன்னியா?... சரி. சரி, நம்பறேன். இருந்தாலும் கோட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ஞாயித்துக்கிழமை என்ன?... ஃபயர் ஸ்டேஷன் பேன்கேக் விருந்தா... அந்தம்மா வராங்களா... மேடையில நானா?... மறுபடி கூப்பிடப் போறாங்களா? எப்போ?... இப்பவா! அதச் சொல்லத்தான் கூப்பிட்டியா? முதல்லயே சொல்றதுக்கென்ன, பலகை பலகைன்னுக்கிட்டு!

இரு. பீப் பீப்ங்குது. வேற யாரோ... தெரியாத நம்பர்டி! எதை அமுக்கணும்? பச்சையா? பச்சைய அமுக்கினா நீ போயிடுவியா?... போ, போய்த் தொலை.

ஹலோ... ஆமா, வெர்லாதான்... இருங்க. ஒரு நிமிஷம். நீங்க நிஜமா, டேப்பா?... சிரிக்கறீங்க. டேப்பும் சிரிக்கும். ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லுங்க. அன்னிக்கு என் ஜாடி மூடியத் தொறந்தீங்களே, என்ன வாசனை வந்துச்சு?... ஞாபகம் இல்லையா... இல்லங்க, பரவால்ல. எத்தனை பேரப் பாக்கறீங்க... என்ன?... கட்டா?... ஆமா. வலது கையில. அன்னிக்குக் காலையில கத்தி வழுக்கிடுச்சு... ஆமாங்க, நனைஞ்சுதான் இருந்துச்சு. கையப் புடிச்சீங்க, உங்க சட்டைக் கையில ரத்தக் கறை பட்டுடுச்சு. நான்தான் கூச்சப்பட்டு இழுத்துக்கிட்டேன்... விடலை. ஆமா, நீங்க விடலை.

ஆறிடுச்சுங்க. ஒரு விரல்தான் இன்னும் மடங்கலை.

வரேன். ஞாயித்துக்கிழமை வரேன்... தங்கச்சியும் வரணுமா? அவ எதுக்கு, அவதான் டிவிலயே இருக்காளே... சரி, வரட்டும். மேடைக்குக் கீழ நிக்கட்டும். கோட்டு நான் போட்டுக்கறேன்.

இன்னொண்ணுங்க. நீங்க இந்தப் பக்கமா வந்தா, என் வாசல்ல ஒரு பலகை... தெரியுமா? யாரு சொன்னது?... ரோண்டாவா! அவள... இல்லங்க, காத்து. காத்துல வந்து நட்டுக்கிச்சு... சிரிங்க, சிரிங்க.

சரிங்க... இல்ல, நான் வைக்கலை. நீங்க முதல்ல வைங்க.