பால்கனிக்குப் போன புகை

ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் டவுன் பஸ்ஸில், திருவானைக்காவலில் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். ஜன்னலோரம் இருந்தவர் சாப்பாட்டுக் கடை நடத்துபவர் என்பது பேச்சில் தெரிந்தது.

“எங்க நாத்தனாருக்குப் பீடி பழக்கம் உண்டான்னு டாக்டர் கேட்டாருங்க” என்று அவர் சொன்னதும் நான் காதைக் கொடுத்தேன்.

“ஐயையோ! என்ன சொன்னீங்க?”

“அடுப்பு ஊதுற பழக்கந்தான்னு சொன்னேன். கடை ஆரம்பிச்சதுலேருந்து நாங்க ரெண்டு பேருந்தான் ஊதினோம். தை மாசம் அவ போய்ச் சேந்துட்டா.”

“முன்னாடியே புகை வராத அடுப்பு வாங்கியிருக்கலாமே?”

“கேட்டேனே. இருமலுக்கெல்லாமா அடுப்பை மாத்துவாங்கன்னு எங்க வீட்டுக்காரரு சிரிச்சாரு. இப்ப கடைக்குப் பின்னாடி ஃப்ளாட் வந்துடுச்சு. பால்கனியில காயப்போட்ட துணியெல்லாம் புகை நாறுதுன்னு கார்ப்பரேஷனுக்கு எழுதிப் போட்டாங்க. கடையை மூடச் சொல்லி ஆள் வந்துட்டாங்க. மறுநாளே அடுப்பு வாங்க மலைக்கோட்டைக்குக் கூட்டிட்டுப் போயிட்டாரு.”

“காஸுக்கு மாறிடலாம்ல?”

“விறகடுப்புச் சாப்பாடுன்னுதானே கூட்டம் வருது? சிம்னி வச்சதை வாங்கினா புகை நேரா பால்கனிக்குத்தான் போகும். அதனால அடியில ஃபேன் வச்ச அடுப்பா எடுத்தோம். காஞ்ச விறகைச் சின்னதா வெட்டிப் போட்டா புகையே இல்ல.”

“நல்லா எரியுதுங்களா?”

“நல்லா எரியுது. பக்கத்துல நின்னா கண்ணுகூடக் கரிக்கல.” ஜன்னலுக்கு வெளியே காவிரியைப் பார்த்தபடி சொன்னார். “அதைப் பாக்கும்போதுதான் வயிறு எரியுது.”