பான்கேக் சுட்டது போதும்

சுட்ட பன்றித்தொடையும் வெந்த சோளமும் மணக்கும் இந்தத் தீயணைப்பு நிலைய மண்டபத்தில், படைவீரர் நாள் விருந்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் கெல்சோ மாவட்டக் குழுத் தலைவர் டுவெயின் ரோல்ஃப்ஸ் அவர்களே. அவருக்கு இருபுறமும் அமர்ந்து, இன்றைக்கு யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்ற நிம்மதியில் பூசணி இனிப்பை இரண்டாம் முறை வாங்கியிருக்கும் குழு உறுப்பினர்களே. நெஞ்சில் பதக்கமும் மடியில் தொப்பியுமாக முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே. பிள்ளைகளைப் படைக்கு அனுப்பிவிட்டு, தொலைபேசி ஒலித்தால் முதலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பிறகு அதை எடுக்கும் தாய்மார்களே. கோடையில் தார் ஊற்றி, குளிரில் பனி தள்ளி, இரண்டுக்கும் ஏச்சு வாங்கும் என் சாலைத் துறைத் தோழர்களே. உங்கள் அனைவருக்கும் லொரெய்ன் டுவோராக்கின் பணிவான வணக்கம்.

பணிவு இந்த ஒரு வரியோடு முடிந்தது. பின்னால் சிரிக்கிறவர் யார்? ரஸ்டிதானே. என் குரலை நாள் முழுக்க வண்டியில் கேட்கிறவன், அவனுக்குத் தெரியும். எந்த வண்டி எந்தச் சாலைக்குப் போக வேண்டும் என்று சாலைத் துறையின் வயர்லெஸ் ஒலிவாங்கியில் விரட்டுகிறவள் நான். ஊழியர் சங்கத்துக்கும் நானே தலைவி, வேறு யாரும் வாய் கொடுக்க முன்வராத காரணத்தால்.

எனக்கு இன்று இரண்டு வேலை கொடுத்திருக்கிறார்கள். கர்ட் ஹாவர்காம்ப் என்ற வீரனைப் பாராட்ட வேண்டும். அவன் குடும்பத்துக்காக வரும் சனிக்கிழமை காலை இதே மண்டபத்தில் நடக்கவிருக்கும் பான்கேக் விருந்தை அறிவிக்க வேண்டும். முதல் வேலையைச் செய்கிறேன். பிறகு இரண்டாவது வேலைக்கு வருகிறேன்.

யார் இந்தக் கர்ட்? வாரத்தில் ஐந்து நாள் நம் சாலைத் துறையின் தூக்கு வண்டியில் ஏறி, சிக்னலையும் பலகையையும் பழுது பார்க்கும் ஊழியன். அழைப்பு வந்தால் தேசியக் காவல் படையின் சார்ஜண்ட். பாதி உடம்பு மாவட்டத்துக்கு, பாதி உடம்பு படைக்கு, முழு உயிரும் மேசி என்ற ஒன்பது வயது மகளுக்கு. மேசிக்குச் சர்க்கரை நோய். இன்சுலின் இல்லாமல் அந்தக் குழந்தைக்கு ஒரு நாளும் விடியாது. இது இங்கே எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும்தானே நடந்தது?

ஜூன் மாதத்தை நினைத்துப் பாருங்கள். வில்லோ ஆறு கரையை மீறியது. மாநில ஆளுநர் காவல் படையை அழைத்தார். கர்ட் பச்சைச் சீருடை மாட்டினான். எங்கே அனுப்பினார்கள்? எங்கோ தொலைதூரத்துக்கா? இல்லை. நம் மாவட்டத்துக்கு. நம் பழைய ஆலைக்குப் பின்னால், ஆறு வளைகிற அதே கரைக்கு. அங்கே ஏற்கெனவே யார் நின்றார்கள்? நம் சாலைத் துறை ஆட்கள். அதே கரை, அதே சேறு, அதே மணல்மூட்டை. ரஸ்டி தூக்கிக் கொடுத்தான், கர்ட் வாங்கி அடுக்கினான்.

அங்கே அவர்கள் பேசியதை ரஸ்டி வண்டியின் ஒலிவாங்கியை மூட மறந்ததால் நான் கேட்டேன். "டேய் கர்ட், நீ இன்னைக்கு லீவுல இருக்கியாமே, ஆபீஸ்ல சொன்னாங்க" என்றான் ரஸ்டி. "ஆமாடா, லீவுல இருக்கறவன் இவ்ளோ வேலை பாக்கறது நான் ஒருத்தன்தான். மூட்டையக் குடு" என்றான் கர்ட்.

சிரியுங்கள், நானும் சிரித்தேன். ஆனால் நம் மாவட்ட விதி சிரிக்கவில்லை. நாட்டின் தலைமை அழைத்துப் போனால் படை விடுப்பு. சம்பளம் உண்டு, குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடும் உண்டு. ஆளுநர் அழைத்துப் போனால் அது விடுப்பே இல்லை. வேலைக்கு வரவில்லை என்று கணக்கு. சம்பளமும் நின்றது, காப்பீடும் நின்றது. மணல்மூட்டையைத் தூக்கிக் கொடுத்த கைக்குக் கூடுதல் சம்பளம். அதை வாங்கி அடுக்கிய கைக்கு ஒன்றும் இல்லை. இடையில் மாறியது என்ன? சட்டையின் நிறம்தானே?

அந்த வாரம் கர்ட்டின் மனைவி ட்ரீனா மருந்துக்கடைக்குப் போனாள். காப்பீட்டு அட்டையை நீட்டினாள். அட்டை செல்லாது என்றார்கள். பின்னால் வரிசை நின்றது, முன்னால் மருந்துப் பெட்டி இருந்தது, நடுவில் ஒரு தாய். அங்கிருந்தே நம் பணியாளர் அலுவலகத்துக்குத் தொலைபேசினாள். அவள் என்னிடம் சொன்னபடியே சொல்கிறேன்.

"கண்ணு, உங்க வீட்டுக்காரர் வேலையில இல்லன்னு கணினி காட்டுதே" என்றார்களாம்.

"வேலையில இல்லையா? டிவியைப் போட்டுப் பாருங்க. பழைய ஆலைக்குப் பின்னாடிதான் மூட்டை தூக்கிக்கிட்டு நிக்கிறாரு."

"தெரியும் கண்ணு, நாங்களும் அதைத்தான் பாத்துக்கிட்டு இருக்கோம். ரொம்பப் பெருமையா இருக்கு."

பெருமையாக இருக்கிறதாம். பெருமையை வைத்து ஊசி போட முடியுமா? அன்றைக்கு மருந்துக்கடைக்காரர் தன் பொறுப்பில் ஒரு பெட்டியைக் கொடுத்தார். அந்தப் புண்ணியவான் இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும்?

நானும் சங்கமும் மாவட்டக் குழுவிடம் போனோம். விதியை மாற்றுங்கள் என்றோம். ஆராய்கிறோம் என்றார்கள். அடுத்த கூட்டத்தில் தீர ஆராய்கிறோம் என்றார்கள். அதற்கடுத்த கூட்டத்தில் திரும்பவும் ஆராய்கிறோம் என்றார்கள். ஆற்றில் வெள்ளம் வடிந்தது, ஆலைச் சுவரில் சேறு காய்ந்தது, ஆராய்ச்சி மட்டும் அப்படியே நிற்கிறது.

நாம் என்ன செய்தோம்? அதைச் சொல்லத்தான் எனக்கு ஆத்திரம் வருகிறது. இந்த ஊரில் ஒருவர் வீடு எரிந்தால் பான்கேக் சுடுவோம். ஒருவருக்கு இடுப்பு முறிந்தால் பான்கேக் சுடுவோம். மாவட்டம் தன் ஊழியனைக் கைவிட்டபோதும் அதையேதான் செய்தோம். இந்த மண்டபத்தில் கல்லைப் போட்டோம், மாவைக் கரைத்தோம், ஊரைக் கூட்டினோம். சர்க்கரை நோயுள்ள குழந்தைக்கு மருந்து வாங்குவதற்காக, ஊரே வரிசையில் நின்று சர்க்கரைப் பாகை ஊற்றி ஊற்றிச் சாப்பிட்டது. இந்தக் கூத்து வேறு எந்த ஊரிலாவது நடக்குமா?

கல்லுக்கு முன்னால் நின்று சுட்டவர் யார் தெரியுமா? ஏப்ரன் கட்டி, வியர்வை வழிய, எல்லோரையும் விட அதிகமாகச் சுட்டவர் நம் தலைவர் டுவெயின் அவர்கள்தாம். "மேசிக்குட்டிக்காக சாயங்காலம் வரைக்கும் சுடச் சொன்னாலும் சுடுவேன்" என்றார். பொய் சொல்லவில்லை, மனதாரத்தான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. விதியை மாற்றக் கூட்டத்தில் தூக்க மறுத்த கையை இங்கே கரண்டியோடு நாள் முழுக்கத் தூக்கினார். நாமும் கைதட்டினோம்.

ட்ரீனா அந்த வாசல் பக்கம் நின்று, வருகிற ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னாள். கடைசியில் என்னைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"நன்றி சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது லொரெய்ன். ஊர் நல்ல ஊர், நான் குறை சொல்லல. ஆனா அவர் உழைச்சதுக்கு வரவேண்டியதுதானே இது? அதுக்கு நான் ஏன் ஒவ்வொருத்தர் தட்டு முன்னாடியும் கைகட்டி நிக்கணும்?"

அந்தக் கேள்வியை அப்படியே உங்கள் முன் வைக்கிறேன். உங்களில் யாரிடமாவது பதில் இருந்தால் எழுந்து சொல்லுங்கள், உட்காருகிறேன்.

சரி, மேலே கேளுங்கள். இலையுதிர் காலத்தில் மாவட்டம் இன்னொரு காரியம் செய்தது. நம் வீரர்களின் முகங்களைப் பெரிய பதாகைகளாக அச்சடித்து, கடைத்தெரு விளக்குக் கம்பங்களில் தொங்கவிட்டது. நல்ல காரியம்தான். ஆனால் நம் ஊரில் கம்பத்தில் ஏறிப் பதாகை மாட்டுகிற வேலை யாருடையது? கர்ட்டுடையது. மற்றவர்களின் முகங்களை எல்லாம் மாட்டி முடித்தவனுக்குப் பதாகைக் கட்டின் அடியில் என்ன கிடைத்தது? அவன் முகம்.

நான் ஒலிவாங்கியில் கூப்பிட்டேன். "கர்ட், எங்கடா இருக்க?"

"மருந்துக்கடை முன்னாடி. என் மூஞ்சிய மாட்டிக்கிட்டு இருக்கேன்."

"நேரா இருக்கா?"

"நேராத்தான் இருக்கு. ட்ரீனா அன்னைக்கு நின்ன இடத்துலேந்து பாத்தா நல்லாத் தெரியும்."



இப்போது மேற்கே புல்வெளி பற்றி எரிகிறது. ஆளுநர் மறுபடியும் அழைத்திருக்கிறார். கர்ட் திங்கட்கிழமை புறப்படுகிறான். திங்கட்கிழமை அந்த அட்டை மறுபடியும் செல்லாமல் போகும். இன்று மாலை இங்கே வரும் வழியில், மருந்துக்கடை முன்னால் இருக்கும் கம்பம் வெறுமையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். காற்று அடித்துக்கொண்டு போயிருக்கும் என்று நினைத்தீர்களா?

காற்று இல்லை. கர்ட், கதவுப் பக்கம் நகராதே, உட்கார். உன்னைச் சங்கடப்படுத்துகிறேன் என்று தெரியும், பொறுத்துக்கொள். நேற்று அவன் என் அறைக்கு வந்தான். கையில் மடித்த பதாகை.

"ஏண்டா, கிழிஞ்சிடுச்சா?" என்றேன்.

"இல்ல. நான்தான் கழட்டினேன். திங்கக்கிழமை அந்த வழியாத்தான் போகணும். மேலே ஒருத்தன் சிரிச்சுக்கிட்டு நிக்கிறான். மேசி மருந்துக்கு வழி பண்ணாம என்னால சிரிக்க முடியல. இந்த ஒரு தடவை போயிட்டு வந்து படையை விட்டுடறேன், லொரெய்ன்."

இதோ அந்தப் பதாகை. நாலாக மடித்திருக்கிறான், எதைச் செய்தாலும் ஒழுங்காகத்தான் செய்வான். தலைவர் அவர்களே, இதை உங்கள் தட்டுக்குப் பக்கத்தில் வைக்கிறேன்.

இனி என் இரண்டாவது வேலைக்கு வருகிறேன். சனிக்கிழமை பான்கேக் விருந்து கிடையாது. கல் பின்னறையில் பூட்டியிருக்கிறது, சாவி என் கைப்பையில் இருக்கிறது. என்ன சலசலப்பு? மேசியின் மருந்துக்கு என்ன வழி என்கிறீர்களா? அந்தக் கேள்வியைத்தான் ஜூன் மாதத்திலிருந்து உங்கள் வாயில் வரவழைக்கப் பார்க்கிறேன். வந்துவிட்டது. என்னைப் பார்த்துக் கேட்காதீர்கள், குழு அமர்ந்திருக்கும் இந்த மேசையைப் பார்த்துக் கேளுங்கள்.

தலைவர் ஏதோ சொல்கிறார். "லொரெய்ன், இதுக்கு இது இடமில்ல" என்கிறார். கரண்டி பிடிக்க இடமாக இருந்த மண்டபம் கை தூக்க மட்டும் இடம் இல்லாமல் போகுமா, டுவெயின்? சனிக்கிழமை காலை குழுவினர் நீங்கள் ஐந்து பேரும் பான்கேக் சுட இங்கே வருவதாக ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். வாருங்கள். ஏப்ரனை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள். வாசலில் கூட்ட அறிவிப்பை ஒட்டுங்கள். ஊர் முன்னால் உட்காருங்கள். நம் மாவட்டத்து ஊழியனை நாடு அழைத்தாலும் மாநிலம் அழைத்தாலும், அவன் திரும்பும் வரை அவன் வீட்டுச் சம்பளமும் நிற்காது, மருந்தும் நிற்காது என்று கை தூக்குங்கள். தூக்கினால், தூக்கு வண்டியை நானே ஓட்டி வருகிறேன். புறப்படும் முன் கர்ட் தன் முகத்தைத் தானே மாட்டட்டும். தூக்காவிட்டால் அந்தக் கம்பம் வெறுமையாகவே நிற்கட்டும். தினமும் அதைப் பார்த்துக்கொண்டே அலுவலகம் போங்கள்.

தட்டில் இனிப்பு ஆறினாலும் காது கொடுத்துக் கேட்ட பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும், கதவைப் பார்த்துக்கொண்டே ஆனாலும் எழுந்து போகாமல் இருந்த கர்ட்டுக்கும், அவன் கையை விடாமல் பிடித்திருந்த ட்ரீனாவுக்கும் என் நன்றி. சனிக்கிழமை எல்லோரும் தவறாமல் வாருங்கள். வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வாருங்கள். வணக்கம்.