கடைசி வரியை மட்டும் நம்பாதேங்கோ

இல்லை ரதியக்கா, சமையல் மணம் மேல வராது. நாங்கள் வேதக்காரர்தான், ஆனா தவக்காலத்தில வெள்ளிக்கிழமையில இறைச்சி தொடமாட்டம். மீனோ? மீன் எண்டால்... சரி, உங்கட வீட்டில மீனையும் விடுவம். ஷரோனுக்கு நான் சொல்லுறன். ஷரோன் என்ர மனிசி. பிள்ளையள் ரண்டும் சத்தம் போடாதுகள். மரியோ கொஞ்சம் போடுவான்.

பேஸ்மென்ற் நல்லாத்தான் இருக்கு. யன்னல் சின்னன், ஆனா இப்ப இருக்கிற அறையில யன்னலே இல்லை. ஓம், ரூஜ் பக்கம்தான் இருக்கிறம். கிளிபோட்டின்ர வீடு, ஷரோன்ர தமையன். சொந்தத்துக்குள்ள இருந்துகொண்டு பிறகேன் சனிக்கிழமைக்கிடையில வீட்டை விட்டு எழும்போணும் எண்டு கேக்கிறியள். ஞாயமான கேள்விதான். நானெண்டாலும் கேட்டிருப்பன்.

சண்டை எண்டில்லை அக்கா. ஒரு சாமானால வந்த பிரச்சினை.

ஜொப் லெற்றரோ? கொண்டந்திருக்கிறன், தாறன். முதல் இதைச் சொல்லி முடிக்கிறனே.

நான் மிசின் வேலை பழகுறன். இரும்பு, அலுமினியக் கட்டியளைப் பூட்டிவிட்டா கட்டர் சுத்திச் சுத்தி வெட்டும். அதுக்கு முதல் பீட்சாப் பெட்டி மடிச்சனான். அந்தப் பட்டறையில கிளிபோட்தான் போர்மன். வந்திறங்கின நாளில வீடு தந்ததும் அவர்தான், வேலை எடுத்துத் தந்ததும் அவர்தான். அப்பிடி ஒரு ஆளுக்கு முகத்துக்கு நேர மாட்டன் எண்டு சொல்ல வாய் வராது. உங்களுக்கும் வராது, சும்மா சொல்லாதேங்கோ.

எனக்கு அந்த வேலையில கைராசி இல்லை அக்கா. பதினொரு மாசத்தில நான் தனிய வெட்டின சாமான் ஒண்டும் சரிவந்ததில்லை. ஒண்டில் ஓட்டை தள்ளிப்போகும், இல்லாட்டித் தடிப்புக் குறைஞ்சு போகும். கழிவு போடுற பெட்டிக்கு என்ர பேரை எழுதி ஒட்டி வைச்சவங்கள். ரண்டு வோர்னிங் லெற்றரும் வந்திட்டுது. மூண்டாவது வந்தா வேலை போகும்.

போன கிழமை கிளிபோட் ஒரு ட்ரோயிங் கொண்டந்து தந்தார். ஒண்டே ஒண்டு, சாப்பாட்டு நேரத்தில வெட்டு, ஆருக்கும் சொல்லாதை எண்டார். என்ன சாமான் எண்டு கேட்டன். துவக்கின்ர உடம்பு எண்டார். ஓம் அக்கா, துவக்குத்தான். குழல், விசை எல்லாம் வந்து பூட்டுப்படுற நடு உடம்பு. கதவைச் சாத்துறியளோ? சாத்துங்கோ. உங்கட மனிசன் மேல நித்திரையெண்டா மெல்லமாக் கதைக்கிறன்.

பயப்பிடாதை, இது படம் எடுக்கிறாக்களுக்கு, சும்மா பிடிச்சு நடிக்கிற துவக்கு எண்டார். நான் நம்பினனான். இந்த ஊரில றோட்டை மறிச்சுப் படம் எடுக்கிறாங்கள்தானே. எந்த நடிகர் பிடிப்பாரெண்டு கூட யோசிச்சனான்.

பிறகுதான் ட்ரோயிங்கை விரிச்சுப் பாத்தன். ஒவ்வொரு அளவுக்குப் பக்கத்திலயும் ரண்டு தவ் எண்டு கிடக்கு. அதுக்கு மேல பிசகக்கூடாதாம். தவ் எண்டா ஒரு அங்குலத்தில ஆயிரத்தில ஒரு பங்கு, ஒரு தலைமயிரே மூண்டு தவ் வரும் அக்கா. சும்மா பிடிச்சு நடிக்கிற சாமானை ஆர் அவ்வளவுக்கு அளந்து பாக்கப்போறான்? மரக்கட்டையில செய்து கறுப்புப் பெயின்ற் அடிச்சாலும் காணும். சுடுற துவக்குக்குத்தான் உந்த அளவெல்லாம் வேணும்.

கேட்டனான். கேக்காமல் விடுவனோ? நீ வெட்டு, யோசிக்கிற வேலையை நான் பாக்கிறன் எண்டார். சிரிச்சுக்கொண்டுதான் சொன்னவர். அண்டு பின்னேரம் என்ர பிள்ளையளுக்கு ஐஸ்கிறீமும் வாங்கிக்கொண்டு வந்தவர்.

அஞ்சு நாள் யோசிச்சன். வெட்டினா அது ஆரோ ஒருத்தன்ர கைக்குப் போகும். அவன் ஆரைச் சுடுவானெண்டு எனக்குத் தெரியாது. பஸ்சில போகேக்க ஒவ்வொருத்தராப் பாக்கிறன், இவரையோ, இந்தப் பொம்பிளைப்பிள்ளையையோ எண்டு. வெட்டாட்டி எங்களுக்கு வீடும் இல்லை, வேலையும் இல்லை. பிறகு ஒரு யோசினை வந்துது. பழுதாக்கிறதில நான் பேர்போன ஆள்தானே. இதையும் பழுதாக்கினா ஆர் சந்தேகப்படப் போயினம்? வேலை போனாலும் போகட்டும், இருக்க இடமாவது மிஞ்சும். மாட்டன் எண்டு வாய் திறந்து சொல்லவும் தேவையில்லை.

நேற்றுத் தொடங்கினன். பாதியில பழுதாக்கிறதெண்டுதான் நினைச்சனான். ஆனா அக்கா, அது நல்லா வருது. முதல் பக்கம் சரி. திருப்பிப் பூட்டினன், மற்றப் பக்கமும் சரி. இன்னும் ஒரு வெட்டு, இன்னும் ஒரு வெட்டு எண்டு கை நிக்குதில்லை. மாதாவாணச் சொல்லுறன், என்ன சாமான் எண்டதையே மறந்திட்டன். முடிச்சுத் துடைச்சு அளந்தன். ஒவ்வொண்டா ஒரு கடதாசித் துண்டில எழுதினன். எல்லாம் சரி. ரண்டு தவ் இல்லை, ஒண்டுக்குள்ளயே நிக்குது. பதினொரு மாசத்தில முதல்முதலா. அதைக் கையில வைச்சுக்கொண்டு அஞ்சு நிமிசம் நிண்டன். பெருமையா இருந்துது. வெக்கமாவும் இருந்துது.

பிறகு திரும்பப் பூட்டி, அங்க இருந்ததிலேயே பெரிய கட்டரைப் போட்டு நடுவால விட்டன்.

சத்தம் கேட்டுக் கிளிபோட் ஓடி வந்தார். பழுதாப் போச்சு மச்சான் எண்டன். நான் பழுதாக்கிறது அவருக்குப் புதினமே? நம்பித்தான் இருப்பார். ஆனா அந்த அளவுத் துண்டு மேசையில கிடந்துது. எடுத்து வாசிச்சார். எல்லாம் சரியெண்டு என்ர கையெழுத்தில கிடக்கு. அதைக் கிழிச்சு எறிய எனக்கு மனம் வரேல்லை அக்கா, அதுதான் நான் விட்ட பிழை. சனிக்கிழமைக்கிடையில வீட்டை விடு எண்டு மட்டும் சொல்லிப்போட்டுப் போட்டார்.

பொலிசோ? ஓம், சொல்லத்தான் வேணும். ஷரோனுக்கு அவர் கூடப்பிறந்த தமையன். இரவு முழுக்க அழுதாள். முதல் பிள்ளையளை அந்த வீட்டால எடுக்கட்டாம், பிறகு தானே போன் அடிக்கிறாளாம்.

லெற்றரோ? மறக்கேல்லை, இந்தாங்கோ. கொம்பனி லெற்றர்தான். பேர் அன்புராசா, பதினொரு மாசம் வேலை செய்தவர், ஒரு நாளும் பிந்தி வரேல்லை, எல்லாம் கிடக்கு. திகதியோ? ஓம், நேற்றையான்தான். வேலையால நிப்பாட்டின லெற்றர் அது. கிளிபோட் எழுதினவர். கீழ கடைசியில, இவருக்கு ஒரு சாமானும் ஒழுங்கா வெட்டத் தெரியாது எண்டு கிடக்கு, பாத்தனீங்களோ? மற்றதெல்லாம் உண்மை அக்கா. அந்த வரியை மட்டும் நம்பாதேங்கோ.