பொட்டி கேட்ட கேள்வி

…இல்ல சார், நான் கேக்கறேன், போன்ல பேரைத் தொட்ட ஒடனே ஒரு பொட்டி தொறக்குதே, அதுக்கு இன்னா அவ்ளோ அவசரம்? மனுஷன் மூச்சு வுட வேணாமா? ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க, எனக்கு வெயில் வேணாம். அந்தப் பொட்டியே நான் மூணு நாள் வெயில்ல உக்காந்து வாங்கினதுதான்.

எங்க குடிபாலாவுல வூட்டுமனை குடுக்கறாங்க சார், பொம்பளைங்க பேர்ல. போன்ல லிஸ்ட்டு, அதுல நாப்பது பேரு. எம் பொண்டாட்டி பொன்னியம்மா பதினேழாவது. ரோட்டை ஒட்டின மூலை மனை. கல்யாணம் ஆனதுலேர்ந்து அவ அண்ணன் வூட்டுப் பின்னால தகரக் கொட்டாயில இருக்கறவ. மனையப் பாத்துட்டு வந்து, அடுப்பு இங்க, அண்டா இங்கன்னு தரையில சாக்பீசால கோடு போட்டுக்கினு இருந்தா.

மொதல்ல பொட்டி கெடையாது. ஆபீசுலேர்ந்து ஒர்த்தன் வருவான், லிஸ்ட்டுல பேரைத் தொடுவான், சம்மதம்னு ஏறிடும். இன்ன மனை, இன்ன எடம், ஒண்ணியும் கேக்க மாட்டான். வுடுவனா? நான் நாகபூஷணம் சார். குப்பத்துல கல்குவாரி சங்கத்துல இருந்தவன். அந்தக் காலத்துல வெளிநாட்டு யாவாரத்துக்குக் கதவைத் தொறந்து வுட்டாங்களே, கல்லு கப்பல் ஏறி ஜப்பானுக்குப் போச்சு, கல்லு ஒடச்சவன் ரயில் ஏறி பெங்களூருக்குப் போனான். அப்பறம் எம் புள்ளையும் போனான். ஞாயித்துக்கெழம போன் பண்றான், பண்ணா 'நைனா, அம்மாகிட்ட குடு'ன்றான்… எங்க வுட்டேன்? ஆங், பொட்டி.

நோட்டீசு அடிச்சேன், மூணு நாள் தர்ணா உக்காந்தேன். ஒரு பக்கம் தெலுங்கு, ஒரு பக்கம் தமிழு. 'கேட்ட பிறகே பதிவு செய், கேளாமல் தொடாதே.' நடை எப்டி? பையில இன்னும் நூறு இருக்குது, ஒண்ணு வெச்சிக்கோங்க. படிக்கலன்னாலும் விசிறிக்கலாம்.

நாலாம் நாள் திருப்பதியிலேர்ந்து அந்த லிஸ்ட்டு இருக்கற போன் 'ஆப்'பைச் செஞ்ச பொண்ணே வண்ட்டா. சிவசங்கரின்னு பேரு. நீங்க கேட்ட மாதிரியே செஞ்சிட்டேன் நைனா, பேரைத் தொட்டா பொட்டி தொறந்து மனை எது, சம்மதமான்னு கேக்கும், மொதல்ல நீங்களே தொட்டுப் பாருங்கன்னா. ஊரே சுத்தி நிக்குது. பொன்னியம்மா கைய நீட்டினா. நீ சும்மா இரு, இது போராட்ட விஷயம்னு சொல்லிட்டு அவ பேரை நானே தொட்டேன். தொறந்துது.

இங்கதான் ஒண்ணு புரிஞ்சிக்கணும் சார். எங்க சங்கத்துல ஒரு முறை. அந்தப் பக்கத்துலேர்ந்து எது வந்தாலும் மொதல்ல 'ஏற்கமாட்டோம்'. அப்பறம் டீ. அப்பறந்தான் படிக்கறது. எத்தினியோ தடவை எங்களைக் காப்பாத்தின முறை அது. வெரல் தானா போயிடும் சார். 'சம்மதமில்லை'ன்னு இருந்துது, அழுத்தினேன். கூட்டம் பழக்கத்துல கைதட்டுச்சு. ஒடனே இன்னொரு பொட்டி தொறந்து, 'நிச்சயமா?'ங்குது. எங்கிட்ட கேக்குது பாருங்க. 'நிச்சயம்'னு அழுத்தினேன். சர்க்கார் கேட்டதுக்கு ஆமான்னு நான் சொன்னது வாழ்நாள்ல அது ஒண்ணுதான்.

டீ குடிச்சிட்டுப் படிச்சோம். லிஸ்ட்டுல முப்பத்தொம்போது பேரு இருந்துது.

மத்த பொம்பளைங்க பொறுமையா எழுத்துக்கூட்டிப் படிச்சி சம்மதம் போட்டுட்டாங்க. எல்லாருக்கும் மனை. பொட்டி வாங்கிக் குடுத்தவன் நான், ஒர்த்தியாவது சொல்றாளா?

அதோ, மூணாவது சீட்டுல பச்சப் பொடவை, அதான் பொன்னியம்மா. பதினோரு நாளாப் பேசல. சோறு போடறா, தட்டு வெக்கற சத்தத்துல எல்லாம் சொல்லிடறா. இன்னிக்கி அஞ்சு மணிக்குள்ள சித்தூர் ஆபீசுல மனு குடுத்தா பேரை மறுபடியும் சேப்பாங்களாம். மனு அவளே எழுதினா சார், எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. இத்தினி நோட்டீசு எழுதினவன் வூட்ல! 'என் பெயரை நான் நீக்கவில்லை. எதற்கும் ஒத்துக்கொள்ளாத என் கணவர் நீக்கினார்.' கீழ நான் ஒத்துக்கறேன்னு கையெழுத்து போடணும், இல்லன்னா மனு செல்லாது.

பஸ்சு ஏறும்போது நீட்டினா. பழக்கம் சார், முடியாதுன்னு வாய்ல வண்ட்டுது. சமாளிச்சிக்கினு, படிச்சிப் பாத்துட்டுப் போடறேன்னேன். பதினோரு நாள் கழிச்சி வாயத் தொறந்தா.

"இப்ப படிக்கத் தெரியுதா?"

அவ்ளோதான். போய் முன்னால உக்காந்துட்டா.

இன்னா சார் எழுந்துட்டீங்க? சித்தூர்னுதானே டிக்கெட்டு எடுத்தீங்க, இன்னும் பாதி கூட வரலியே… சரி, எறங்கறதுன்னா எறங்குங்க. சட்டையில இருக்கற அந்தப் பேனாவைக் குடுத்துட்டு எறங்குங்க.