ஒரு ஊசி போதுமாம்

லுணுகலையிலிருந்து பதுளைக்குப் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்களும், நடுவே பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமியும் இருந்தார்கள். மூத்தவள் சொன்ன ஒரு வார்த்தைதான் என்னை நிமிர்ந்து பார்க்க வைத்தது.

"ஒலகத்துக்கே ஊசி எண்ணிச் சொல்ல ஒரு கூட்டம் இருக்காமே!"

"ஆமா அண்ணி. பெரிய பெரிய டாக்டருங்க. புத்துநோய் வராமத் தடுக்குற இந்த ஊசி ரெண்டு வேணாம், ஒண்ணே போதும்னு சொல்லிட்டாங்களாம்."

"அப்புறம் ஏன் ரெண்டாவது ஊசிக்குப் புள்ளய இழுத்துக்கிட்டுப் போற?"

"அவங்க ஆலோசனைதான் சொல்வாங்களாம். நம்ம நாட்டு டாக்டருங்களும் பேசி மாத்துற வரைக்கும் இங்க ரெண்டுதான்னு ஊசி போடுற நர்ஸ் மிஸ்ஸி சொன்னாங்க."

"நல்லாருக்கு! நான் தோட்டத்து லயத்து வீட்டுல ஆலோசனை சொன்னா வாயாடி. அவங்க ஏசி ரூம்ல சொன்னா நிபுணர்."

"அவங்க எத்தனையோ நாட்டுப் புள்ளைங்கள வருசக்கணக்கா பாத்துட்டுச் சொல்றாங்க அண்ணி. நீங்க யாரப் பாத்தீங்க?"

மூத்தவள் சிறுமியின் பின்னலைச் சரிசெய்தாள்.

"எங்கக்காவப் பாத்தேன். கருப்பை வாயில இதே நோவுதான். கடைசி வரைக்கும் ஆஸ்பத்திரியில பக்கத்துலயே இருந்து பாத்தேன். அப்ப இந்த ஊசியும் இல்ல, அந்தக் கூட்டமும் எங்க கண்ணுல படல."

இளையவள் சிறுமியின் பள்ளிப் பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பஸ் பதுளை நிலையத்துக்குள் திரும்பியதும் மூத்தவள்தான் முதலில் எழுந்து, சிறுமியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாடி, ரெண்டாவதையும் போட்டுருவோம். கூட்டம் போட்டவங்க கோவிச்சுக்க மாட்டாங்க."