பதினாலாவது எபிசோடு

யாமினி: ஐயோ, கதவைத் திறக்காதடா... உள்ளதான் இருக்கான்!

கதிர்: மணி என்ன?

யாமினி: மூணு பத்து. டிவியைப் பாரு. ஏழு வாரமா இந்தக் கொரியன் கொலைகாரனைத் தொரத்தறோம்...

கதிர்: மூணு மணிக்குள்ள சொல்றேன்னாங்க யாமினி. என் போனைக் குடு.

யாமினி: எபிசோடு முடியட்டும். ரெக்ரூட்டர் கூப்பிட்டா நானே எடுக்கறேன்னு பேசிக்கிட்டோம்ல?

கதிர்: எங்க வச்சிருக்கே?

யாமினி: ஓவனுக்குள்ள, இட்லிப் பானைக்குப் பின்னாடி. எழுந்தே... நடக்கறதே வேற.

கதிர்: இந்த வேலையும் இல்லன்னா இன்னும் ஒன்பதே நாள். வேலை போய் அறுபது நாள் முடிஞ்சா விசா போச்சு. பொட்டி கட்டிட்டு கோயம்புத்தூர்தான்.

யாமினி: வாயைக் கழுவு. அங்க பாரு, கறிக்கடைக்காரர் கையில கிளவுஸ்! அவர்தான்!

கதிர்: அவர் இல்ல.

யாமினி: உனக்கெப்படித் தெரியும்?

கதிர்: ஒரு... ஒரு கெஸ்தான்.

யாமினி: என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லு.

கதிர்: ஏய், சீன் போயிடும்...

யாமினி: எனக்குத் தெரியாம பாத்துட்டியா? சேர்ந்துதான் பாக்கணும்னு ரூல் போட்டதே நீதானே!

கதிர்: நேத்து இன்டர்வியூ முடிஞ்சு, எல் கமினோ ரோட்டுப் பார்க்கிங்ல கார்லயே உக்காந்து பாத்தேன். வீட்டுக்கு வந்தா எப்படிப் பண்ணினேன்னு கேப்பே. பயமா இருந்துச்சு.

யாமினி: திருட்டுப் பயலே! அப்ப கொலைகாரன்... வேணாம், சொல்லிடாதே.

கதிர்: ஏய், எதுக்கு அழறே? இன்ஸ்பெக்டர் நூடுல்ஸ்தானே சாப்பிடறான்?

யாமினி: பாவம், தனியா சாப்பிடறான்.

கதிர்: கொலை நடந்தப்போ முறுக்கு கடிச்சிட்டு இருந்தே. இதுக்குப் போய்...

யாமினி: சும்மா இரு. கத்தியை எடுத்துட்டான்... ஐயையோ, பின்னாடி பாருடா!

கதிர்: பொழச்சுக்குவான்.

யாமினி: சொல்லாதேன்னேன்ல!

கதிர்: சரி, முடிஞ்சிடுச்சு. பேர் ஓடுது. போனைக் குடு.

யாமினி: ரெண்டு நிமிஷம்...

கதிர்: சொல்லு யாமினி. கூப்பிட்டாங்களா, இல்லையா?

யாமினி: நான் டீ போடப் போனப்பவே கூப்பிட்டாங்க. உனக்கு வேலை கிடைச்சிடுச்சுடா. திங்கட்கிழமையே விசாவுக்குப் பெட்டிஷன் ஃபைல் பண்றாங்களாம். அப்பவே சொல்லியிருந்தா லேப்டாப்பைத் தூக்கிட்டு மாடிக்கு ஓடியிருப்பே. கல்யாணமாகி ஆறு வருஷத்துல இந்த ஏழு வாரம்தான் நீ மத்தியானம் எம்பக்கத்துல உக்காந்திருக்கே... இன்னும் ஒரு எபிசோடு உக்காரட்டுமேன்னு ஆசையா இருந்துச்சு.