எழுபதாவது மணி நேரம்

மேடையை நிறைத்திருக்கும் பெரியோர்களே, ஆலய நிர்வாகத்தாரே, நாற்காலி போதாமல் சுவரோரம் நிற்கும் புலாவ் செபாங் ஊர்ச் சொந்தங்களே!

மறைந்த முனைவர் கமலவேணியின் தாய்மாமன் மாயாண்டி பேசுகிறேன். லாரி ஓட்டியவன். ஒன்றை ஒன்பதாயிரமாக்கிச் சொல்பவன் என்று என்னை அறிவீர்கள்.

யார் இந்தக் கமலவேணி? ஈஸ்ட்டைக் கட்டி ஆண்ட மகாராணி! ரொட்டி மாவைப் பொங்கவைக்கும் ஈஸ்ட்டுக்கு, எலும்பு தேய்ந்தவர்களுக்கான மருந்துப் புரதம் செய்யக் கற்றுக்கொடுத்தவள்! இதோ, முன்வரிசையில் இடுப்பெலும்பு ஒடிந்து உட்கார்ந்திருக்கும் அவள் தாய், என் அக்கா ராஜம்மாவுக்காகத் தொடங்கிய வேலை அது. கோடானுகோடி ஈஸ்ட் அவள் கண்ணசைவுக்குக் கைகட்டி நின்றது!

ஆனால் ஈஸ்ட்டிடம் நொதி என்றொரு கத்தரிக்கோலும் உண்டு. தான் செய்த மருந்தைத் தானே நறுக்கிப் போடும். கத்தரிக்கோலைப் பிடுங்கிப் பார்த்தாள். ஈஸ்ட் நோஞ்சானாகிச் செத்து வெடித்து, உள்ளே ஒளித்திருந்த மற்றக் கத்தரிக்கோல்களையும் தான் வளரும் தொட்டியில் கொட்டியது. பதினோரு வருடம் தோல்வி.

கடைசியில் வழி கண்டாள். தொட்டியைக் குளிரவைத்து, தீனியைச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தால், எழுபது மணி நேரம்வரை மருந்து முழுசாக இருக்கும். அதற்குள் வடித்துவிட வேண்டும். அப்படி அவள் போட்ட இந்தத் தொட்டி தேறினால்தான் ஆய்வு நீடிக்கும் என்று மேலிடம் சொல்லியிருந்தது.

ஐம்பதாவது மணியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். மறுநாள் உடலை எடுக்க நேரம் குறித்தோம். அவளுடைய உதவியாளர் ராகினி போனில் கூப்பிட்டாள்.

"அங்கிள், டேங்க் ஓடிக்கிட்டிருக்கு. நான் மட்டும் இங்க இருக்கேன்லா, முடிச்சுட்டு வந்துர்றேன்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"அவள விட டேங்க் பெருசா போச்சா? லேப்ல ஒரு ஆள் மிஞ்சினாலும் நான் எடுக்க விடமாட்டேன்."

எல்லோரும் வந்தார்கள். பக்கத்து ஊர் தம்பின்வரை கார் நின்றது என்று ஊரெல்லாம் பெருமையடித்தேன். ராகினி சுடுகாட்டிலிருந்து திரும்பிப் போனபோது தொட்டியில் மருந்து இல்லை, நறுக்கிய துண்டுகள்தான் இருந்தன. போன வாரம் ஆய்வை மூடிவிட்டார்கள். இதில் மிகை ஒரு சொட்டும் இல்லை. ராகினி என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இரங்கல் கூட்டத்தில் எழுந்து நின்று, விட்ட பணியைத் தொடர்வோம் என்று சொல்வது முறை. எந்தப் பணியை? எதை வைத்து? என்னால் சொல்ல முடிந்தது ஒன்றுதான். நான் சாகும்போது, கையில் வேலை இருக்கிறவர்கள் யாரும் வர வேண்டாம். தூக்க நாலு பேர் போதும். அவர்களும் வேலையை முடித்துவிட்டு வரட்டும்.